கேபினெட்டுக்குள் போகும் கரண்ட்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது கம்ப்யூட்டருக்குக் கொட்டேஷன் கேட்டால் கடைக்காரர் முதலில் எழுதுவது பிராசசரை. அடுத்து மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு. பட்ஜெட் எங்கே முட்டுகிறதோ அங்கேதான் இவை எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். வருகிறது, அதுவும் பெரும்பாலும் ‘கேபினெட் வித் எஸ்.எம்.பி.எஸ்.’ என்று ஒரே வரியில். மற்ற எல்லாவற்றுக்கும் மாடல் நம்பர் இருக்கும், இதற்கு மட்டும் இருக்காது. கிராபிக்ஸ் கார்டு கெட்டால் அனேகமாக அதோடு நின்றுவிடும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். கெடும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக்கொண்டு போகக்கூடும், ஏனென்றால் பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு பாகத்தையும் ஒரு ஒயர் வழியாகத் தொட்டுக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அதனால் கடையில் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த வரியை இரண்டாகப் பிரித்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கம்பெனியையும் மாடலையும் தனியாக எழுதித் தரச் சொல்வது.

வாங்கும்போது செய்ய வேண்டியவை

• வாட் கணக்கை நீங்களே போடுங்கள். அதிகம் கரண்ட் இழுப்பவை பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும்தான். இன்டெல் ஐ5-12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 60 வாட் வையுங்கள். மொத்தம் 300-ஐத் தொடவில்லை. இதற்கு நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளம், என்விடியாவும் அந்த கார்டுக்கு 550 வாட்தான் சொல்கிறது. ஐ7-14700கே பிராசசரோடு ஆர்.டி.எக்ஸ். 5070 டி.ஐ. என்றால் கதை வேறு: 253-ம் 300-ம் சேர்ந்தாலே 550 தாண்டிவிடும், மற்றவை சேர்ந்தால் 600-க்கு மேல். அங்கே 750 அல்லது 850 வாட் எடுக்க வேண்டும். பிராசசரைப் பார்க்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் 65 வாட், 125 வாட் என்ற அடிப்படை எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதிகபட்ச டர்போ வாட்டை எடுங்கள்.

• லேபிளைப் படியுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒரு கட்டம் ஒட்டியிருக்கும்: +3.3வி, +5வி, +12வி, -12வி, +5வி.எஸ்.பி. என்று தலைப்பும் கீழே ஆம்பியரும். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது +12 வோல்ட்டில் இருந்துதான். அந்தக் கட்டத்தில் இருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். நல்ல 550 வாட் யூனிட்டில் 45 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கும், பெருக்கினால் 540 வாட்டாவது வரும். கேபினெட்டோடு வரும் பெட்டியில் மேலே ‘450’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும், கீழே +12வி கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருக்கும். 16-ஐ 12-ஆல் பெருக்கினால் 192 வாட். உங்களுக்கு உண்மையில் கிடைக்கப்போவது அந்த 192தான், லேபிள் உண்மை சொன்னால். இந்த ஒரு பெருக்கலைக் கடையிலேயே நின்று செய்துவிட்டால் பாதி ஏமாற்றம் தீர்ந்தது.

• 80 பிளஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் அதன் பொருளைத் தெரிந்துகொண்டு பாருங்கள். சுவரில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போகிறது, எத்தனை சூடாக வீணாகிறது என்பதுதான் அது. பாதி லோடில், 115 வோல்ட் சோதனையில் பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90, பிளாட்டினம் 92, டைட்டானியம் 94. நம் 230 வோல்ட்டில் இது கொஞ்சம் கூடவே வரும். 300 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரைத் தினம் 4 மணி நேரம் ஓட்டினால் பிரான்ஸுக்கும் கோல்டுக்கும் வருஷத்துக்குச் சுமார் 29 யூனிட் வித்தியாசம். கரண்ட் பில்லில் ஒரு சில நூறு ரூபாய். பில்லுக்காக மட்டும் கோல்டு வாங்க வேண்டியதில்லை. கோல்டு யூனிட்டில் சூடு குறைவு, ஃபேன் சத்தம் குறைவு, பெரும்பாலும் வாரண்டியும் அதிகம், அவற்றுக்காக வாங்கலாம். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: 80 பிளஸ் முத்திரை சிக்கனத்தைத்தான் சொல்கிறது, பாதுகாப்பைச் சொல்லவில்லை. ஷார்ட் சர்க்யூட், ஓவர் வோல்டேஜ், ஓவர் பவர், ஓவர் ஹீட் பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும். சைபெனெடிக்ஸ் என்ற சோதனை நிறுவனம் மாடல் வாரியாக அறிக்கைகளை இலவசமாக வெளியிடுகிறது. வாங்கப்போகும் மாடல் அதில் இருந்தால் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள்.

• 16 பின் கனெக்டர் உள்ள கிராபிக்ஸ் கார்டு என்றால் ஏ.டி.எக்ஸ். 3.0 அல்லது 3.1 என்று போட்ட யூனிட்டாக வாங்குங்கள். இன்டெல் 3.0 வரையறையை 2022-லும் 3.1-ஐ 2023-லும் வெளியிட்டது. இப்போதைய கிராபிக்ஸ் கார்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் தங்கள் சராசரியைவிடப் பல மடங்கு இழுத்துவிட்டு அடங்கும். பழைய எஸ்.எம்.பி.எஸ். அதை ஓவர் லோடு என்று நினைத்து ஆஃப் ஆகிவிடும், கேம் நடுவில் திரை கருத்துவிடும். புதிய வரையறை, 16 பின் உள்ள 450 வாட்டுக்கு மேற்பட்ட யூனிட்டுகள் ஒரு செகண்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் இரு மடங்கு லோடைத் தாங்க வேண்டும் என்கிறது.

• வாரண்டி 5 வருஷமாவது இருக்கட்டும். 7, 10 வருஷம் கொடுக்கும் மாடல்களும் உண்டு. ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள்.

வாங்கும்போது செய்யக்கூடாதவை

• கிராபிக்ஸ் கார்டு போடப்போகும் கம்ப்யூட்டருக்கு, கேபினெட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஏற்காதீர்கள். ‘இப்போதைக்கு இது ஓடட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று கடையில் சொல்வார்கள். மாற்ற வேண்டிய நாள் எது என்று அது முன்கூட்டியே சொல்லாது.

• பயந்துபோய் 1000 வாட்டும் வாங்காதீர்கள். மேலே சொன்ன 300 வாட் கம்ப்யூட்டருக்கு 1000 வாட் போடுவதால் எதுவும் கெடாது, கம்ப்யூட்டர் தனக்குத் தேவையானதைத்தான் இழுக்கும். ஆனால் அந்தக் கூடுதல் பணத்தில் தரமான 550 அல்லது 650 வாட் யூனிட்டும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் வந்திருக்கும். மட்டமான 850-ஐவிட நல்ல 550 மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

• கம்பெனி பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே கம்பெனி பல தொழிற்சாலைகளில் இருந்து பல தரத்தில் வாங்கித் தன் ஸ்டிக்கரை ஒட்டும். ஜிகாபைட் போன்ற பெரிய பெயரிலேயே 750, 850 வாட் யூனிட்டுகள் சோதனைகளில் வெடித்து, 2021 ஆகஸ்டில் அந்தக் கம்பெனி ஓவர் பவர் பாதுகாப்பின் அளவைக் குறைத்ததாக அறிவித்து, பழையவற்றை மாற்றித்தர முன்வர வேண்டியிருந்தது. பார்க்க வேண்டியது மாடலை.

• எத்தனை வருஷம், எங்கே ஓடியது என்று தெரியாத செகண்ட் ஹேண்ட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம். ரேம், பிராசசர் செகண்ட் ஹேண்டில் தாராளமாக வாங்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் மெல்ல மெல்ல வற்றுகிற பொருள்கள், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. பழைய யூனிட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் பின்னால் சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 115, 230 என்று மாற்றும் ஸ்விட்ச் அது. 115-ல் இருக்கும்போது நம் வீட்டு பிளக்கில் செருகினால் ஒரே சத்தத்தில் கதை முடிந்துவிடும்.

பிளக், எர்த், யு.பி.எஸ்.

கம்ப்யூட்டர் ஆனில் இருக்கும்போது கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் விர்ரென்று ஒரு குறுகுறுப்பு. ரொம்பப் பேர் வீட்டில் இது உண்டு, ‘லைட்டா ஷாக் அடிக்கும், செருப்பு போட்டுக்க’ என்று பழகியும் போய்விடுகிறார்கள். காரணம் இதுதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில், மின்சாரத்தில் உள்ள இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவதற்காக இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவில், இன்னொன்று நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவில். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் 230-இல் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டிருக்கும். கசிவு மிகச் சிறியது என்பதால் குறுகுறுப்போடு நிற்கிறது. ஆனால் உள்ளே ஃபேஸ் ஒயரே பாடியில் பட்டுவிட்டால் அப்போதும் கரண்ட் போக வழியில்லை, தொடுகிற உங்கள் கைதான் வழி.

• எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 230-ஐ ஒட்டி வர வேண்டும். குறைவாக வந்தால் கம்ப்யூட்டரைத் தொடும் முன் எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

• மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் போடாதீர்கள். இரண்டு பின் கன்வெர்ட்டரும் அதே தப்புதான்.

• யு.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ.வைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். பரவலாக விற்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தரும். 300 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வீணாவதையும் மானிட்டரையும் சேர்த்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். கேம் ஆடும்போது கரண்ட் போனால் யு.பி.எஸ். பீப் அடித்துவிட்டு அதுவும் படுத்துவிடும். அந்தக் கம்ப்யூட்டருக்கு 1000 வி.ஏ. வகை பொருத்தம்.

• வீட்டு இன்வெர்ட்டரில்தான் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால், அதன் பின்னாலோ முன்னாலோ இருக்கும் மோடு ஸ்விட்சை யு.பி.எஸ். மோடில் வையுங்கள். கரண்ட் போன பிறகு எஸ்.எம்.பி.எஸ். தன் கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்துத் தாக்குப்பிடிக்கும் நேரம் மிகக் குறைவு. ஏ.டி.எக்ஸ். 3.1 வரையறை முழு லோடில் கேட்பதே 12 மில்லி செகண்ட்தான். ஃபேன், லைட்டுக்கான சாதாரண மோடில் இன்வெர்ட்டர் அதைவிட மெதுவாகத்தான் மாறும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். புதிதாக இன்வெர்ட்டர் வாங்குபவர்கள் சைன் வேவ் வகையை எடுங்கள். ஆக்டிவ் பி.எஃப்.சி. (கரண்ட் இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் சில, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாமல் அடம்பிடிக்கும்.

கேபிள் அடுக்கும்போது செய்ய வேண்டியவை

கேபிளை ஒழுங்காகக் கட்டினால் கம்ப்யூட்டர் ‘கூல்’ ஆகிவிடும் என்று பரவலான நம்பிக்கை. முன்னும் பின்னும் ஃபேன் உள்ள இன்றைய கேபினெட்டில் அதனால் குறையும் சூடு சொற்பம். ஒயர் ஃபேன் இறக்கையில் உரசாது, தூசி தட்டுவது சுலபம், ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற வேண்டுமென்றால் மொத்தப் பின்னலையும் பிரிக்க வேண்டியிருக்காது. நான் ஒழுங்கை வற்புறுத்துவது இதற்காகத்தான்.

• வேலைக்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் பிளக் இருக்கும்வரை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மதர்போர்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்சத்தையும் வடியவிடுங்கள்.

• பிராசசருக்குப் போகும் 8 பின் கேபிளை முதலில் கொண்டுபோங்கள். மதர்போர்டின் மேல் இடது மூலையில் அது செருகும் இடம். கூலரையும் மேல் ஃபேன்களையும் மாட்டிய பிறகு அந்த மூலைக்குள் இரண்டு விரல் நுழையாது. கேபினெட்டின் பின்பக்கம் வழியாக மேலே ஏற்றி, அந்த மூலைத் துளையில் எட்டிப் பார்க்கும்படி வைத்துவிட்டு, பிறகு மதர்போர்டை இறக்குங்கள். அடுத்து 24 பின், அதற்கப்புறம் சாட்டா, முன்பக்க பவர் பட்டன் ஒயர்கள், கடைசியில் கிராபிக்ஸ் கார்டு.

• எஸ்.எம்.பி.எஸ். அடியில் உட்காரும் கேபினெட்டில், கீழே ஃபில்டர் இருந்தால் அதன் ஃபேன் தரையைப் பார்க்கட்டும். கேபினெட் பாய் மேலோ கார்ப்பெட் மேலோ நேரே உட்கார்ந்திருந்தால் அடியில் ஒரு பலகை போடுங்கள்.

• 225 வாட்டுக்கு மேல் இழுக்கும் கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்து இரண்டு தனிக் கேபிள் இழுங்கள். ஒரே கேபிளின் நுனியில் இரட்டையாகத் தொங்கும் தலைகளை அங்கே நம்ப வேண்டாம்.

• 16 பின் கனெக்டரை மட்டும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பழைய 8 பின்னில் 150 வாட் போகும்போது மூன்று பின்கள் ஆளுக்குச் சுமார் 4 ஆம்பியர் சுமக்கின்றன. 16 பின்னில் 600 வாட் போனால் 50 ஆம்பியர், அதை ஆறு சின்னப் பின்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 8 ஆம்பியருக்கு மேல். அந்தப் பின்னின் தாங்கும் எல்லையே 9 ஆம்பியரை ஒட்டித்தான். ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கு மற்றவற்றின் மேல் ஏறி, பிளாஸ்டிக் இளகும். 2022 அக்டோபரில் ஆர்.டி.எக்ஸ். 4090 வந்ததும் உருகிய கனெக்டர் படங்கள் வரத் தொடங்கின. பிளக் முழுதாக உள்ளே போகாமல் இருப்பது பொதுவாகக் காணப்படும் காரணம் என்று என்விடியா அடுத்த மாதம் சொன்னது. பிறகு, பிளக் இணைந்ததா என்று அறியும் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கி 12வி-2×6 என்ற திருத்தம் வந்தது. அப்படியும் 2025-ல் ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டுகளில் உருகிய செய்திகள் வந்தன. எனவே கார்டைக் கேபினெட்டில் மாட்டும் முன் மடியில் வைத்தே கேபிளைச் செருகிப் பாருங்கள். கொக்கி ‘டிக்’ என்று விழ வேண்டும், பிளக்கின் ஓரத்துக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் கோடு போல்கூட இடைவெளி தெரியக்கூடாது. மாட்டிய பிறகு டார்ச் அடித்து மறுபடி பாருங்கள்.

• கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டையைப் பயன்படுத்துங்கள். தையல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் வெல்க்ரோவே போதும்.

கேபிள் அடுக்கும்போது செய்யக்கூடாதவை

• ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மாடுலர் கேபிளை, அதாவது கழற்றி மாட்டும் கேபிளை, இன்னொன்றில் செருகாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் பக்கம் உள்ள முனைக்கு உலகப் பொது அளவு உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் உள்ள முனைக்கு அப்படி எதுவும் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல், எந்த ஓட்டையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது மாறும். ஆனால் பிளக் அழகாகப் பொருந்திவிடும். 5 வோல்ட் எதிர்பார்க்கும் எஸ்.எஸ்.டி.க்குள் 12 வோல்ட் நுழைந்தால், அதற்குள் இருக்கும் வருஷக்கணக்கான போட்டோக்களைத் திரும்ப எடுப்பது உறுதியில்லை. எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்போது ‘பழைய ஒயரிங் நல்லா இருக்கே, அப்படியே விட்டுடலாம்’ என்று தோன்றும். விடாதீர்கள், எல்லாக் கேபிளையும் உருவிப் புதிதாகப் போடுங்கள்.

• பிராசசரின் 8 பின்னையும் கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னையும் குழப்பாதீர்கள். நாலு நாலாகப் பிரிவது பிராசசருக்கு, ஆறு இரண்டாகப் பிரிவது கார்டுக்கு. இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் நேரெதிர் வரிசையில் இருக்கின்றன. மாற்றிச் செருகினால் உள்ளே போகாது. போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

• பழைய நாலு பின் மோலெக்ஸில் இருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவு அடாப்டர்களைத் தவிருங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே கட்டியாக வார்த்த வகைதான் ஆபத்து, உள்ளே ஒயர்கள் நகர்ந்து ஒன்றை ஒன்று தொட்டுத் தீப்பிடித்திருக்கின்றன.

• பிளாஸ்டிக் டேகை இறுக்கிக் கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால் ஒயர்க்கட்டு கொஞ்சம் அசையும் அளவுக்கு விடுங்கள், வாலை ஒட்ட நறுக்குங்கள். பாதியில் நறுக்கிய நுனி பிளேடு மாதிரி விரலைக் கிழிக்கும். கழற்றும்போது கத்தியை ஒயரின் பக்கம் திருப்பாதீர்கள்.

• 16 பின் கேபிளைக் கனெக்டரில் இருந்து 35 மில்லி மீட்டருக்குள் மடிக்காதீர்கள். கண்ணாடிக் கதவு அந்தக் கேபிளை அழுத்தினால், கேபினெட்டின் அகலம் அந்த கார்டுக்குப் போதவில்லை என்று பொருள்.

• முன்பக்க யு.எஸ்.பி. 3.0-இன் தடித்த பிளக்கை ஆட்டி ஆட்டிப் பிடுங்காதீர்கள். மதர்போர்டின் பின் வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு.

• பின்பக்கம் கார்டு மாட்டும் இடைவெளிகளைத் திறந்து போடாதீர்கள். நம் ஊரில் வெதுவெதுப்பைத் தேடிப் பல்லி உள்ளே வரும், எறும்பும் வரும். தகட்டைத் தொலைத்திருந்தால் மெல்லிய கம்பி வலையாவது வையுங்கள்.

• எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள். தூசி எடுக்க வேண்டுமென்றால் வெளியில் இருந்து புளோயர் அடியுங்கள், ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 325 முதல் 400 வோல்ட் வரை தாங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். அது உயிரை எடுக்கும் அளவு.

வேலை முடிந்ததும் மீந்த மாடுலர் கேபிள்களை ஒரு ஜிப் கவரில் போட்டு, மேலே எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மாடல் பெயரை மார்க்கரில் எழுதி, பில்லின் ஜெராக்ஸையும் உள்ளே வைத்து அதன் பெட்டியிலேயே போடுங்கள். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். வாரண்டியில் அனுப்ப வேண்டி வந்தால் கேபிள்களோடு சேர்த்துத்தான் கேட்பார்கள்.